அத்தையும் அந்தமான் வருகிறார்

ஈரோட்டிலிருந்து இந்த வாரம் வந்த கவர் கனமாக இருந்தது. பிரித்தால் ஒரே குடும்பத்தின் ஐந்து பேர் கேள்விகள், நான்கு கையெழுத்தில். ஐந்தாவது ஆளான 71 வயதுப் பாட்டி, பேத்தியிடம் சொல்லி எழுத வைத்திருக்கிறார். டிசம்பர் 24 அன்று சென்னையிலிருந்து விமானம் ஏறி 30 அன்று திரும்புகிறார்களாம். இதுவரை குடும்பமாகப் போன தூரம் திருப்பதி. கடல் என்று பார்த்தது கன்னியாகுமரியும் மெரினாவும். நான் போர்ட் பிளேரில் 19 வருஷம் டீச்சர் வேலை பார்த்தவள் என்பதை ஏதோ பழைய பதிலில் படித்து நினைவு வைத்திருக்கிறார்கள். மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த வாரப் பக்கம் முழுக்க இவர்களுக்கே.

அம்மா கேட்கிறார்: 24 மதியம் போர்ட் பிளேர் போய்ச் சேருகிறோம். 25 காலை ஹேவ்லாக், அங்கே மூன்று இரவு. 28 நீல் தீவு, இரண்டு இரவு. 30 காலை நீலிலிருந்து ஃபெர்ரியில் போர்ட் பிளேர் வந்து, அன்றே மதியம் 2 மணிக்கு சென்னை விமானம். ஃபெர்ரியும் ஹோட்டலும் இன்னும் புக் செய்யவில்லை. திட்டம் சரிதானே?

சரியில்லை. நல்ல வேளை, இன்னும் பணம் கட்டவில்லை.

கடைசி நாள் காலையில் ஃபெர்ரி, மதியம் விமானம் என்று வைப்பது, முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் மாப்பிள்ளையை பஸ் ஏற்றிவிடுவது மாதிரி. காற்று கொஞ்சம் எழுந்தாலே துறைமுகத்தில் படகை நிறுத்திவிடுவார்கள். என் நாத்தனார் குடும்பம் வந்தபோது, பாவி நான்தான் திட்டம் போட்டுக் கொடுத்தேன். இதே கணக்கு: காலை ஃபெர்ரி, மதியம் விமானம். ஹேவ்லாக் ஜெட்டியில் 'இன்று படகு இல்லை' என்று சொல்லிவிட்டார்கள். மறுநாளும் இல்லை. ஐந்து பேர் விமான டிக்கெட்டும் போய், புது டிக்கெட் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை. அந்தக் காசில் இன்னொரு தடவை அந்தமான் வந்திருக்கலாமே என்று இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிடுவாள்.

அவளுக்காவது இரண்டு நாளோடு போயிற்று. 2016 டிசம்பரில் ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்துவந்தன. சென்னையில் மரங்களைச் சாய்த்த வர்தா புயல், அதற்குச் சில நாள் முன்பு அந்தமான் பக்கம் தவழும் பிள்ளையாக இருந்த சமயம் அது. டிசம்பர் கடைசி வாரத்தில் கடல் பெரும்பாலும் அடங்கித்தான் இருக்கும். 'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பி ஐந்து டிக்கெட்டைப் பணயம் வைக்காதீர்கள்.

ஆகவே நீலில் ஒரு இரவு போதும். 29 காலை ஃபெர்ரியில் போர்ட் பிளேர் திரும்பி, அன்றிரவு அங்கேயே தங்குங்கள். செல்லுலர் ஜெயில், ஒலி-ஒளிக் காட்சி, அபர்தீன் பஜார் எல்லாவற்றையும் அந்த நாளுக்குத் தள்ளி வையுங்கள். 29 அன்று படகு நின்றால்கூட ஒரு நாள் கையில் இருக்கிறது. முதலில் ஃபெர்ரியை புக் செய்து, அந்தத் தேதிகளுக்கு ஏற்ப ஹோட்டல் போடுங்கள். எல்லோரும் தலைகீழாகச் செய்துவிட்டு டிசம்பரில் டிக்கெட் கிடைக்காமல் அல்லாடுகிறார்கள்.

இரண்டு சின்ன விஷயம். டிக்கெட்டில் 'ஸ்ரீ விஜயபுரம்' என்றிருந்தால் பதறாதீர்கள். 2024-லிருந்து போர்ட் பிளேருக்கு அதுதான் பெயர். ஹேவ்லாக் 2018-லிருந்து ஸ்வராஜ் த்வீப், நீல் ஷஹீத் த்வீப். ஆட்டோக்காரருக்கு எல்லாப் பெயரும் தெரியும். இன்னொன்று, அரசு ஃபெர்ரி ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து, தனியார் ஃபெர்ரி ஹாடோ ஜெட்டியிலிருந்து. வெறுமனே 'ஜெட்டிக்குப் போங்க' என்று ஏறி உட்கார்ந்து, தப்பான ஜெட்டியில் பெட்டியோடு நிற்கும் ஒரு குடும்பத்தை வாரத்துக்கு ஒரு முறையாவது பார்த்திருக்கிறேன்.

அதே அம்மா: எட்டு வயதுப் பையனுக்குத் திம்பம் மலைப்பாதையில் நாலாவது வளைவிலேயே வாந்தி வந்துவிடும். ஹேவ்லாக்குக்கு ஒன்றரை மணி நேரக் கடல் பயணத்தைத் தாங்குவானா?

திம்பத்தில் 27 வளைவையும் தாண்டி ஊர் போய்ச் சேர்ந்தானே, இதையும் தாண்டுவான். ஆனால் ஏற்பாடு வேண்டும்.

வாந்தித் தடுப்பு மாத்திரையோ சிரப்போ, அவன் எடைக்கு எவ்வளவு என்று உங்கள் குழந்தை மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். பெரியவர்கள் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்கும் வைத்தியம் வேண்டாம். படகு கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் உள்ளே போயிருக்க வேண்டும். குமட்ட ஆரம்பித்த பிறகு கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். பல மாத்திரைகள் தூக்கம் கொடுக்கும், தூங்கினால் நல்லதுதான்.

வயிற்றைக் காயப்போடாதீர்கள். 'வாந்தி வரும், ஒன்றும் சாப்பிடாதே' என்பதுதான் தாய்மார்கள் செய்யும் முதல் தப்பு. இரண்டு இட்லி, சர்க்கரை தொட்டு. பூரி, பால், பழரசம் வேண்டாம். உட்காரும் இடம் நடுவிலும் பின்பக்கமும். முன்வரிசையில் ஜன்னல் பெரிது என்று ஓடிப் பிடிக்காதீர்கள். படகின் மூக்கு தூக்கித் தூக்கி அடிப்பது அங்கேதான். கையில் போன் கூடவே கூடாது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டையே பார்க்கச் சொல்லுங்கள். மேல்தளத்துக்கு விடுகிற படகாக இருந்தால் காற்றில் நிற்க வையுங்கள்.

என் கைப்பையில் எப்போதும் இருந்தது இரண்டு: இஞ்சி மரப்பா, வெயிலில் காய்ந்த உப்பு நார்த்தங்காய். ஒரு தடவை எனக்குப் பக்கத்தில் ராணுவக்காரர் ஒருவர், நல்ல ஆஜானுபாகு, முகம் வெளுத்து வேர்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு துண்டு நார்த்தங்காய் கொடுத்தேன். ஜெட்டி வரும்வரை பேசாமல் சப்பிக்கொண்டே வந்தவர், இறங்கும்போது ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார்.

பாட்டி (பேத்தியின் கையெழுத்தில்): சுனாமி வந்தது டிசம்பர் 26. இவர்கள் அதே தேதியில் என்னைக் கடலுக்கு நடுவில் கொண்டுபோய் வைக்கிறார்கள். நான் வரலாமா, வேண்டாமா?

வாங்கம்மா. உங்கள் பயம் தெரியாமல் சொல்லவில்லை. 2004-ல் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு நான் போர்ட் பிளேரில் அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் தானாக நகர்ந்தது. சுவரைப் பிடித்தால் சுவரும் ஆடியது. எங்கள் வீடு மேட்டில் இருந்ததால் தப்பித்தோம். கீழே கரையோரத்தில் இருந்தவர்கள் பட்டதையும், நிக்கோபார் பக்கம் ஊர் ஊராகப் போனதையும் இந்தப் பக்கத்தில் எழுத மாட்டேன். அதற்குப் பிறகும் எட்டு வருஷம் அங்கேதான் இருந்தேன்.

கடலுக்குத் தேதி தெரியாது அம்மா. மார்கழியில் வருமோ ஆடியில் வருமோ, சொல்ல முடியாது. மாறியிருப்பது என்னவென்றால், அன்றைக்கு எச்சரிக்கை சொல்ல ஒருவரும் இல்லை. 2007-லிருந்து ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆனாலும் கரையில் இருப்பவர் செல்போன் செய்திக்காகக் காத்திருக்கக் கூடாது. நிற்க முடியாத அளவுக்குத் தரை ஆடினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, செருப்பைக்கூடத் தேடாமல் மேட்டுக்கு நடக்க வேண்டும். ஹேவ்லாக்கில் ரூமுக்குப் போனதும் உங்கள் மகனை விட்டு ஒரே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "மேட்டுக்கு வழி எது?" பதிலைக் காதால் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நிம்மதியாகத் தூங்கலாம்.

போர்ட் பிளேரிலிருந்து வண்டூர் போகும் வழியில் சிப்பிகாட் என்று ஒரு இடம். அன்றைக்கு நிலம் தாழ்ந்து, வயலெல்லாம் உப்புத் தண்ணீருக்குள் போய்விட்டது. நான் ஊரைவிட்டுக் கிளம்பும்போதும் தண்ணீருக்கு நடுவே பட்ட மரங்கள் நின்றன. அந்த வழியாகப் போனால் ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

பாட்டியே மறுபடி: நான் சுத்த சைவம். மூட்டுவலி உண்டு. இந்தியும் தெரியாது. சமாளிப்பேனா?

போர்ட் பிளேரில் உங்கள் தமிழே போதும். காய்கறிக் கடையில், ஆட்டோவில், பஸ்ஸில் எங்கேயாவது ஒரு தமிழ்க் குரல் கேட்கும். இட்லி, சாம்பார், சைவச் சாப்பாடு எல்லாம் கிடைக்கும். வெற்றிமலை முருகனையும் சேவித்துவிடலாம். கடல் தாண்டியும் முருகன் மலையைத்தான் பிடித்திருக்கிறார், ஆனால் ஆட்டோ கிட்டப் போகும்.

ஹேவ்லாக் கதை வேறு. அங்கே குடியேற்றப்பட்டவர்கள் பெரும்பாலும் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்த வங்காளிகள். நல்ல மனுஷர்கள், ஆனால் சமையல் கடுகெண்ணெயில். உங்களுக்கு அந்த நெடி முதல் கவளத்திலேயே மூக்கில் ஏறும். உட்கார்ந்ததும் "சர்சோ தேல் நஹி" என்று சொல்லிவிடுங்கள். இந்தப் பயணத்துக்கு உங்களுக்குத் தேவையான இந்தி இவ்வளவுதான். பருப்புப் பொடி, ஒரு சின்ன டப்பா நெய், புளிக்காய்ச்சல் பெட்டியில் இருக்கட்டும். வெறும் சாதம் எல்லா ஹோட்டலிலும் கிடைக்கும்.

மூட்டுக்கு: நீல் தீவின் இயற்கைப் பாலத்துக்கு நீங்கள் போக வேண்டாம். வழுக்குப் பாறைமேல் நடக்க வேண்டும், கடல் வற்றியிருக்கும் நேரத்தில்தான் போகவும் முடியும். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரை உங்களுக்காகவே இருக்கிறது. மணலை ஒட்டி நெடுநெடுவென்று மரங்கள், அடியில் நிழல். அங்கே உட்கார்ந்து இவர்கள் நனைவதைப் பாருங்கள். போர்ட் பிளேருக்குப் பக்கத்து ராஸ் தீவில் பேட்டரி வண்டி உண்டு, மான்கள் கிட்டே வரும். படகில் ஏறும்போது மட்டும் இரண்டு கையையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். பையை யாராவது தூக்கட்டும்.

அப்பா (ஒரே வரி): நீச்சல் தெரியாது, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன், ஸ்கூபா டைவிங் செய்ய ஆசை, முடியுமா?

நீச்சல் தெரியாதது தடையில்லை. முதல் முறை போகிறவரைப் பயிற்சியாளர் விடாமல் பிடித்துக்கொண்டுதான் கூட்டிப்போவார். பி.பி.தான் கேள்வி. ஈரோட்டிலேயே உங்கள் மருத்துவரிடம் கேட்டு, அவர் சரி என்றால் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள். அங்கே ஒரு உடல்நலப் படிவம் தருவார்கள். 'இல்லை, இல்லை, இல்லை' என்று வரிசையாக டிக் அடித்துக் கையெழுத்துப் போடும் நம் ஆண்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீருக்குக் கீழே பொய் செல்லாது. சளி பிடித்திருந்தால் இறங்கவே வேண்டாம், காது பாழாகிவிடும். மகள் 10 வயது தாண்டியவள், அவளும் செய்யலாம். பையன் காத்திருக்க வேண்டும். டைவ் செய்த பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது. நீங்கள் 26 அல்லது 27-ல் செய்தால் அந்தக் கவலையும் இல்லை.

மகள், 13 வயது (பச்சை மையில், ஓரத்தில் 'அம்மாவுக்குத் தெரியும்' என்ற குறிப்போடு): அந்த நாட்களில்தான் எனக்கு பீரியட்ஸ் வரும். கடலில் இறங்கினால் சுறா வருமா? எனக்குக் கண்ணாடி மைனஸ் 3, மீனே தெரியாதே?

கண்ணு, கேட்டதற்கு முதலில் ஒரு சபாஷ். சுறா வராது. அது சினிமாக்காரர்கள் கிளப்பிய புரளி. பேட் வைத்துக்கொண்டு மட்டும் தண்ணீரில் இறங்காதே. அது கடலையே குடித்து ஊதிவிடும். டாம்பானோ கப்போ பழக்கமிருந்தால் இறங்கலாம். பழக்கமில்லை என்றால் ஊருக்குப் போன இடத்தில் முதல் தடவை முயற்சி செய்யாதே. ஒரு மாதம் முன்னால் வீட்டில், அம்மா துணையோடு. எதுவும் வேண்டாம் என்று தோன்றினால் கரையில் பாட்டியோடு உட்கார், கேவலம் ஒன்றுமில்லை. தள்ளிப்போடும் மாத்திரையை மட்டும், யார் சொன்னாலும், டாக்டரைக் கேட்காமல் போடாதே.

கண்ணாடிக்கு வழி இருக்கிறது. பவர் வைத்த ஸ்நார்க்கலிங் மாஸ்க் உண்டு. சில டைவிங் இடங்களில் வைத்திருப்பார்கள், முன்பே போன் செய்து 'மைனஸ் 3 இருக்கிறதா' என்று கேட்டு எடுத்துவைக்கச் சொல். ஒரு ரகசியம்: தண்ணீருக்குள் மாஸ்க் வழியாகப் பார்த்தால் எல்லாமே கொஞ்சம் பெரிதாக, கிட்டத்தில் தெரியும். உன் மீன் உன் மூக்கு வரை வரும். மாஸ்க் கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க, போடுவதற்கு முன் உள்ளே லேசாக எச்சில் துப்பித் தேய்த்து அலசிவிடு. சீ என்று சொல்லாதே, பயிற்சியாளரே அதைத்தான் செய்வார்.

மறுபடி அம்மா: முதலை இருக்கிறது என்கிறார்களே? என்ன உடை, என்ன மருந்து, பணம், போன்?

முதலை இருக்கிறது. உவர்நீர் முதலை, பெரிய சாதி. 2010-ல் ராதாநகர் பக்கத்தில் ஸ்நார்க்கலிங் செய்த ஒரு அமெரிக்கப் பெண் முதலையால் இறந்தார். அதனால் பயந்து போகாமல் இருக்க வேண்டாம், விதியை மதித்தால் போதும். கண்டல் (அலையாத்தி) காடும் ஓடையும் கடலில் கலக்கும் இடத்தில் இறங்காதீர்கள். எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதற்கு எதிரே நின்று 'சும்மா கால் நனைக்கிறோம்' என்று வாதாடாதீர்கள். மற்றவர்கள் குளிக்கிற இடத்தில், உயிர்காப்பாளர் கண்பார்வையில், வெளிச்சம் இருக்கும்போது குளியுங்கள். அலை உள்ளே இழுத்தால் கரையை நோக்கிப் போராடாமல் பக்கவாட்டில் நகர வேண்டும் என்று பிள்ளைகளுக்கு இன்றைக்கே சொல்லிவையுங்கள்.

வெளிச்சம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஈரோட்டுக்கும் போர்ட் பிளேருக்கும் தீர்க்கரேகையில் 15 பாகை வித்தியாசம். அதாவது சூரியன் அங்கே முழுசாக ஒரு மணி நேரம் முந்தி. கடிகாரம் மட்டும் ஒன்றே. டிசம்பரில் மாலை 5 மணிக்கே சூரியன் கடலுக்குள் போய்விடும். காபி குடித்துவிட்டு ஐந்தரைக்குக் கடற்கரைக்குப் போகலாம் என்று கிளம்பினால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். நாலு மணிக்கே ராதாநகரில் இருங்கள்.

உடை: நைட்டியோடு கடலில் இறங்குவதை தயவுசெய்து விட்டுவிடுங்கள். அலை திரும்பும்போது துணி காலைச் சுற்றிக்கொள்ளும். லெக்கிங்ஸ், முழுக்கை டி-ஷர்ட் போதும், வெயிலுக்கும் அதுதான் காப்பு. பிடிப்பான பழைய ரப்பர் செருப்போ ஷூவோ வேண்டும். வெறுங்காலோடு போய்ப் பவளப்பாறையில் ஒரு கீறல் வாங்கினேன். நகக்கீறல் அளவுதான், ஆற ஒரு மாதம் ஆனது. நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டு அன்றே கழுவியிருக்க வேண்டும், சோம்பேறித்தனம். ஜெல்லிமீன் பட்டால் தேய்க்காமல் கடல் தண்ணீரிலேயே அலசுங்கள்.

கொசுவைவிடத் தொல்லை மணல் ஈ. கண்ணுக்கே தெரியாது, இரவில்தான் கால் முழுக்க அரிப்பு தெரியும். காலையிலும் அந்தியிலும் ஈர மணலில் உட்காராதீர்கள். முழங்காலுக்குக் கீழே தேங்காய் எண்ணெயைக் கெட்டியாகப் பூசிவிட்டால் பூச்சி அதிலேயே ஒட்டிக்கொள்ளும். சொறியக் கூடாது, காலமைன் தடவுங்கள். ஹேவ்லாக்கில் அரசு சுகாதார நிலையம் உண்டு. பெரிய சிகிச்சை என்றால் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைதான். அத்தைக்குத் தினமும் போடும் மாத்திரைகள் பத்து நாளைக்கு இருக்கட்டும், விமானத்தில் கைப்பையில்.

போன் இப்போது பேசும். 2020-ல் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் போட்ட பிறகு வந்த சுகம். நாங்கள் இருந்த காலத்தில் ஒரு படம் அனுப்பச் சோறு வடித்துவிட்டு வரலாம். கொஞ்சம் ரொக்கம் போர்ட் பிளேரிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் அட்டை எல்லோருக்கும், பையனுக்கும். பாராடாங் பக்கம் போகும் யோசனை வந்தால், வழி ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது; வண்டியை நிறுத்துவதும் அவர்களைப் படம் எடுப்பதும் சட்டப்படி குற்றம். என்னைக் கேட்டால் இந்தத் தடவை அந்தப் பக்கமே வேண்டாம்.

தம்பி, 8 வயது: சிப்பி, சங்கு, பவளம் எல்லாம் எடுத்துட்டு வரலாமா?

வேண்டாம் தம்பி. செத்த பவளத் துண்டைக்கூட எடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972. உரிமம் பெற்ற கடையில் விற்கிற சங்கை வாங்கினால் ரசீதோடு கொண்டுவரலாம். ஒரு தடவை விமான நிலையத்தில் எனக்கு முன்னால் உன் வயசில் ஒரு பையன். டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். உள்ளே டிஷ்யூ பேப்பர் சுற்றி ஏழு வெள்ளைத் துண்டு. அதிகாரி ஒன்றொன்றாக எடுத்து ஒரு தட்டில் வைத்தார். பையன் அழவில்லை. 'ஏழு இருக்கணும்' என்று மட்டும் சொன்னான். அவரும் மறுபடி எண்ணி, 'ஏழு இருக்கு' என்றார்.

இன்னொன்று. கரையில் கிடக்கும் சங்கு நகர்கிறதா என்று ஒரு நிமிஷம் அசையாமல் உட்கார்ந்து பார். உள்ளே நண்டு குடியிருக்கும். அதற்குச் சொந்தமாக ஓடு கிடையாது. காலியான சங்கைத் தேடித்தான் வீடு மாறும். மொத்தம் எத்தனை பார்த்தாய், அதில் பெரியது எவ்வளவு பெரியது என்று எனக்கு எழுது. பத்திரிகை முகவரிக்கே போடலாம். நாத்தனார் மகன் 34 வரை எண்ணினான், படகு வராத அந்த இரண்டு நாளில்.